மீட்டருக்கு ஜுரம்

மினதி என்றால் வங்காளத்தில் கெஞ்சல் என்று அர்த்தம். பெற்றவர்கள் என்ன நினைத்து அந்தப் பெயரை வைத்தார்களோ, மினதி பாக் யாரிடமும் எதற்காகவும் கெஞ்சியதாக யாருக்கும் நினைவில்லை. மேதினிப்பூர் பக்கம் ஒரு ஊரில் வாழ்க்கைப்பட்டாள். கல்யாணமான இரண்டாம் வருஷமே புருஷன் விஷக் காய்ச்சலில் போய்விட்டான். அதற்குப் பிறகு மாமியார் வீட்டில் அரிசிப் பானை இருந்த அறையைப் பூட்டி வைக்க ஆரம்பித்தார்கள். கொஞ்ச நாள் பார்த்தாள். திறந்துவிடுங்கள் என்று கேட்கவில்லை. இரண்டு புடவையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கல்கத்தாவுக்கு ரயிலேறிவிட்டாள்.

கல்கத்தா அவளை ஆயா ஆக்கியது. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைப் புரட்டிப் போடுவது, புண் வராமல் பவுடர் போடுவது, மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி ஊற்றுவது எல்லாம் ஆயா சென்டரில் சொல்லிக் கொடுத்தார்கள். முகம் சுளிக்காமல் இருப்பதை மட்டும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அது அவளிடமே இருந்தது. பேஹாலாவில், பர்ணஸ்ரீ குளத்துக்குப் பின்னால் ஒரு ஒற்றை அறை. காலையில் நறுக்கின வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்ட பழைய சோறு. பிறகு சௌராஸ்தா நாற்சந்திக்கு நடந்துபோய் பஸ் பிடித்தால், இன்னொரு பஸ் மாறி சால்ட் லேக். இந்த ஓட்டத்தில் வயது நாற்பதைத் தாண்டியது அவளுக்கே தெரியவில்லை.

சால்ட் லேக்கில் அவள் பார்த்துக்கொண்டது பிபாவதி சன்யாலை. பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வகுப்புக்குள் வந்தால் மின்விசிறி சுற்றுகிற சத்தம்தான் கேட்கும் என்று பழைய மாணவிகள் சொல்வார்கள். பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. கூடவே பேச்சும் போயிற்று. ‘ம்’ என்பார், ‘ஆ’ என்பார், அவ்வளவுதான். பேச்சு வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். மகன் கனடாவில். ஞாயிற்றுக்கிழமை போன் வரும். ரிசீவரை மினதி அவர் காதில் வைத்துப் பிடிப்பாள். அந்தப் பக்கம் மகன் பேசப் பேச, இந்தப் பக்கம் கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் இறங்கும். அதைத் துடைப்பதும் மினதியின் வேலை.

இரவு ஆயா சந்தியா பேச மாட்டாள். மினதிக்கு வாய் மூடாது. உள்ளே நுழையும்போதே, பெரியம்மா முறை வைத்து மாஷிமா என்று கூப்பிட்டு ஆரம்பித்துவிடுவாள்.

“மாஷிமா, இன்னிக்கு பஸ்ல ஒரு கூத்து கேளுங்க. ஒருத்தன் கோழிய பைல போட்டுக்கிட்டு ஏறிட்டான். கண்டக்டர் கோழிக்கும் டிக்கெட் எடுங்கிறான். இவன் என்ன சொன்னான் தெரியுமா? அது உக்காரலியே, நின்னுக்கிட்டுத்தானே வருதுங்கிறான்!”

பிபாவதியின் வாயின் இடது ஓரம் மட்டும் மேலே போகும். அது சிரிப்பு. அந்த ஓரத்தைப் பார்ப்பதற்காகவே மினதி பஸ்ஸில் கண்ணையும் காதையும் திறந்து வைத்துக்கொண்டு வருவாள்.

அந்த வருஷம் மழை முடிகிற சமயத்தில் டீசல் விலை ஏறியது. கட்டணத்தை உயர்த்தாவிட்டால் வண்டி எடுக்க மாட்டோம் என்று பஸ் ஓனர்கள் சொல்லிவிட்டார்கள். மினி பஸ்ஸும் நின்றது. டிராம்காரர்கள் தங்களுக்கும் ஒரு கோரிக்கை இருக்கிறது என்று சேர்ந்துகொண்டார்கள். வம்பு எதற்கு என்று ஆட்டோக்காரர்களும் வீட்டோடு இருந்துவிட்டார்கள். காலையில் மினதி சௌராஸ்தாவுக்கு வந்தபோது பஸ் நிற்கிற இடத்தில் பஸ்ஸைத் தவிர மற்ற எல்லாம் இருந்தது. டிபன் டப்பாவோடு குமாஸ்தாக்கள், வெள்ளைச் சேலையில் நர்ஸுகள், அழுகிற குழந்தையோடு ஒரு தம்பதி. எதிர்ப்பக்கம் டாக்சிகள் வரிசையாக நின்றன. டிரைவர்கள் கல்யாண வீட்டு மாப்பிள்ளைகள் மாதிரி வண்டியில் சாய்ந்துகொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் வண்டிக்காரனிடம் போனாள். அடர்ந்த மீசை, நரைத்த தலை, காக்கிச் சட்டையில் மேல் பொத்தான் இல்லை. மீட்டரின் மேல் சிவப்புத் துண்டைப் போட்டு மூடியிருந்தான்.

“சால்ட் லேக் போகணும்.”

“முன்னூறு ரூபா.”

“வண்டிய விலைக்கா கேட்டேன்? சவாரிக்குத்தானே கேட்டேன்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். ஆனால் விலை இறங்கவில்லை.

“ஸ்ட்ரைக் தீதி. இன்னிக்கு ரேட்டு இதுதான்.”

“மீட்டர் என்ன சொல்லுது?”

“மீட்டர் இன்னிக்கு வேலை செய்யாது.”

“ஏன், ஜுரமா? துண்டெல்லாம் போத்திப் படுக்க வச்சிருக்கீங்க!”

இந்தத் தடவை பக்கத்து டாக்சிக்காரன் டீயைத் துப்பிவிட்டுச் சிரித்தான். மீசைக்காரன் நிமாய் ஹால்தாரின் முகம் சிவந்துவிட்டது. அவனை ஸ்டாண்டில் யாரும் அப்படிக் கேலி செய்ததில்லை.

ஆனால் சிரித்தால் சால்ட் லேக் வந்துவிடுமா? எட்டு மணிக்கு இவள் போகாவிட்டால் சந்தியா கிளம்பிவிடுவாள். அவளுக்கும் கைக்குழந்தை இருக்கிறது. கடைசியில் வழி ஒன்றாக இருந்த ஐந்தாறு பேர் சேர்ந்து நிமாயின் வண்டியிலேயே திணித்துக்கொண்டு போனார்கள். மினதியின் அன்றைய கூலியில் பாதிக்கு மேல் அவன் சட்டைப் பைக்குள் போனது. போய்ச் சேர்ந்தபோது சந்தியா இல்லை. பிபாவதி ஈரமான படுக்கையில், வாசல் கதவையே பார்த்தபடி கிடந்தார்.

மினதி அன்றைக்கு வாயே திறக்கவில்லை. துடைத்தாள், துணி மாற்றினாள், தலை வாரினாள். பிபாவதி தன் இடது கையால் அவளுடைய முந்தானையைப் பிடித்து இழுத்தார். பேசு என்று அர்த்தம்.

“என்னத்தச் சொல்ல மாஷிமா. இன்னிக்கு பஸ் இல்ல. ஒரு மீசைக்கார டாக்சில வந்தேன்” என்று ஆரம்பித்தவள், மீட்டருக்கு ஜுரம் வந்த கதையைச் சொன்னதும் அந்த உதட்டோரம் மேலே போயிற்று. அதைப் பார்த்த பிறகுதான் மினதிக்கு அழுகை வந்தது. சமையலறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தாள்.

சாயங்காலம் பாதி தூரம் நடந்தும், மீதிக்கு ஒரு தண்ணீர் லாரியில் தொற்றியும் வீடு வந்து சேர்ந்தாள். குதிகாலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டே யோசித்தாள். மறுநாள் எல்லோருக்கும் முன்னால் சௌராஸ்தாவில் இருந்தாள். டாக்சிப் பக்கம் போகவில்லை. பஸ் ஸ்டாப்பில் நின்றவர்களைத்தான் போய்ப் பிடித்தாள். பார்க் சர்க்கஸ் யார், பைபாஸ் யார், சால்ட் லேக் யார் என்று கேட்டு ஒரு பக்கமாக நிறுத்தினாள். தொப்பையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு நின்ற பரிதோஷ் பாபு என்கிற ஆபீஸ் குமாஸ்தா, ரேபா என்கிற நர்ஸு, இன்னும் மூன்று பேர். அவர்களைக் கல்யாண கோஷ்டி மாதிரி அழைத்துக்கொண்டு நிமாயின் வண்டி முன்னால் போய் நின்றாள்.

“வண்டி ரொம்பியாச்சு. தலைக்கு முப்பது ரூபா. கிளம்புங்க.”

நிமாய்க்குக் கோபம்தான் முதலில் வந்தது. “ரேட்டு நீங்க சொல்றதா நான் சொல்றதா?”

“நீங்க இங்க நின்னு கத்திக் கத்தி ஆள் சேக்கறதுக்குள்ள நான் உங்கள அங்க கொண்டுபோயி திருப்பி அனுப்பிடுவேன். ரெண்டு நடை அதிகமா அடிக்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்க.”

அவன் மனதுக்குள் போட்டுப் பார்த்தான். சரியாகத்தான் வந்தது. அதுதான் எரிச்சலாக இருந்தது.

“சரி, அப்ப உங்க முப்பது?”

“எனக்கென்ன முப்பது? கண்டக்டர் எங்கியாச்சும் டிக்கெட் எடுப்பாளா?”

பரிதோஷ் பாபு கதவைத் திறந்து முதலில் உட்கார்ந்தேவிட்டார். “தம்பி, வண்டிய எடுப்பா. இந்தம்மாகிட்ட வாய் குடுத்து ஜெயிக்கறவன் இனிமேதான் பொறக்கணும்.”

இப்படித்தான் மினதி, நிமாயின் டாக்சிக்குக் கண்டக்டர் ஆனாள். காலையில் அவள் ஆள் சேர்த்து வைத்திருப்பாள். சாயங்காலம் சால்ட் லேக் முனையில் அவன் வந்து நிற்பான். திரும்புகிற வழியிலும் அவளே ஆள் பிடிப்பாள். வண்டிக்குள் ஒரே பேச்சு. ரேபா ஆஸ்பத்திரிக் கதை சொல்வாள். பரிதோஷ் பாபு மனைவி கொடுத்த லூச்சிப் பூரியை ஆளுக்கு ஒன்று பிய்த்துக் கொடுப்பார். நிமாய் முன்னால் பார்த்துக்கொண்டு ஓட்டுவான். ஆனால் காது மட்டும் பின்னால் இருக்கும். மினதி ஏதாவது சொல்லி எல்லோரும் சிரிக்கும்போது கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துக்கொள்வான்.

ஸ்டாண்டில் இது பிடிக்கவில்லை. கெஷ்டோ என்கிறவன் அங்கே நாட்டாமை மாதிரி. அவன் நிமாயிடம் வந்து, “ஒரு பொம்பள சொன்னான்னு நீ ரேட்ட உடைச்சா எங்க பொழப்பு என்ன ஆகுறது?” என்று கேட்டுவிட்டுப் போனான். மறுநாள் காலையில் ஆட்கள் ஏறி உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, பின் டயர் இரண்டிலும் காற்று இல்லை. கெஷ்டோவும் மற்றவர்களும் எங்கோ பார்த்துக்கொண்டு பீடி குடித்தார்கள்.

நிமாய் இறங்கி டயரைப் பார்த்தான். பிறகு உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தான். “இறங்கிக்கங்க. வேற வண்டி பாத்துக்கங்க” என்றான். இவர்களிடம் முதல் நாள் அவன் வாங்கிய காசு அவனுக்கு நினைவிருந்தது. இப்போது காறித் துப்பிவிட்டுப் போவார்கள் என்றுதான் எதிர்பார்த்தான்.

மினதி கெஷ்டோவிடம் போனாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, ஆனால் அண்ணா என்கிற ‘தா’வைப் பெயரோடு சேர்த்து, சாதாரணமாகத்தான் கேட்டாள். “கெஷ்டோதா, ரேபா போகலேன்னா அங்க யாருக்கு இன்னிக்குத் தையல் பிரிக்கணுமோ அவங்க காத்துக்கிட்டு இருப்பாங்க. உங்க வீட்டுல யாரும் ஆஸ்பத்திரில இல்லியே? நல்லா இருக்காங்களா?”

கெஷ்டோ பீடியைக் கீழே போட்டு மிதித்தான். அவன் அம்மாவுக்குப் போன மாதம்தான் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது என்று பிறகு நிமாய் சொன்னான். கேட்டபோது மினதிக்கு அது தெரியாது.

அதற்குள் பரிதோஷ் பாபு தெருவைத் தாண்டி சைக்கிள் கடையிலிருந்து ஒரு காற்றுப் பம்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். சட்டையைக் கழற்றிக் கதவில் மாட்டிவிட்டு பனியனோடு அடிக்க ஆரம்பித்தார். நாலு அடி அடித்ததும் மூச்சு வாங்கியது. அடுத்து ரேபா. பிறகு பெயர் தெரியாத ஒரு மெலிந்த மனிதர். ஆள் மாற்றி ஆள் அடித்தார்கள். “எங்க ஆபீஸ்ல இவ்வளவு வேலை நான் செஞ்சதே இல்ல” என்று பரிதோஷ் பாபு சொல்ல, பீடி குடித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவன் தன்னையறியாமல் வந்து பம்பை வாங்கிக்கொண்டான். கெஷ்டோ திரும்பி நின்றுகொண்டான்.

நிமாய் அன்றைக்குப் பார்க் சர்க்கஸில் இறங்கியவர்களிடம் காசு கேட்க மறந்தான். அவர்களாகக் கொடுத்ததை எண்ணாமல் வாங்கி வைத்துக்கொண்டான். சால்ட் லேக் வந்ததும் மினதியிடம், “ஒரு சொம்பு தண்ணி கிடைக்குமா?” என்றான். பம்பு அடித்த கை இரண்டும் கறுப்பாக இருந்தது.

“உள்ள வாங்க. கையக் கழுவுங்க மொதல்ல.”

அப்படித்தான் அவன் பிபாவதியைப் பார்த்தான். சந்தியா உட்கார வைத்துவிட்டுப் போயிருந்த ஜன்னலோரச் சக்கர நாற்காலியில், சலவைச் சேலையும் வாரிய தலையுமாக உட்கார்ந்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுச் சுவர்தான் தெரிந்தது. அவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். மீசையில் வந்ததும் பார்வை நின்றது.

“மாஷிமா, நான் சொன்னேனே, அந்த ஆளு இவர்தான்” என்றாள் மினதி.

நிமாய் கூச்சத்தோடு கும்பிட்டான். பிறகு குரலைத் தணித்து, “வெளிய எங்கியும் கூட்டிக்கிட்டுப் போறதில்லியா?” என்று கேட்டான்.

“யாரு கூட்டிட்டுப் போறது? பஸ்லயா ஏத்த முடியும்? டாக்சின்னா இந்த நெரிசல்ல மணிக்கணக்கா மாட்டிக்குவோம். ரெண்டு வருஷமாச்சு, வாசப்படி தாண்டி.”

சொல்லிவிட்டு அவளே நிறுத்தினாள். இன்றைக்கு நெரிசல் ஏது? பஸ் இல்லை, மினி பஸ் இல்லை. ஊரே துடைத்துவிட்ட மாதிரி கிடக்கிறது. பைபாஸில் வரும்போது நாய்கள் நடுரோட்டில் படுத்திருந்ததைப் பார்த்தாள்.

“நிமாய்தா, மதியம் வண்டி வருமா? கங்கைக் கரை வரைக்கும். போயிட்டு வர என்ன கேப்பீங்க?”

அத்தனை நாள் பழக்கம். நிமாய் யோசிக்கவேயில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. “ஐநூறு.”

“கொள்ளைக்காரா!”

மினதி கையிலிருந்த சொம்பு கீழே விழுந்து உருண்டது. அவள் சொல்லவில்லை. வீட்டில் வேறு யாரும் இல்லை. இரண்டு பேரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். பிபாவதியின் முகம் சிவந்திருந்தது. வாய் கோணியிருந்தது. ஆனால் கண்ணில் பழைய கணக்கு டீச்சர் எழுந்து நின்றார்.

நிமாய்தான் முதலில் அசைந்தான். நாற்காலியின் முன்னால் போய் மண்டியிட்டு உட்கார்ந்தான். “என்ன சொன்னீங்க மாஷிமா? இன்னொரு தரம் சொல்லுங்க.”

“கொள்… ளைக்… காரன்.”

“கரெக்டு!” என்று கத்தினான் நிமாய். “கரெக்டாத்தான் சொல்றாங்க! கேட்டீங்களா தீதி? இன்னும் திட்டுங்க மாஷிமா, நல்லாத் திட்டுங்க!”

மினதி தண்ணீர் கொட்டிய தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. பிபாவதி இடது கையை மெல்லத் தூக்கி மூன்று விரலை நீட்டினார்.

“முன்னூறா? நீங்க சொன்னா சரி. பேசவே வேண்டாம்.”

மதியம் அவரை இருவருமாகத் தூக்கி வண்டியில் உட்கார வைத்தார்கள். நாற்காலியை மடித்து டிக்கியில் போட்டார்கள். மீட்டரின் மேல் கிடந்த சிவப்புத் துண்டை எடுத்து நிமாய் அவர் தலைக்குப் பின்னால் அண்டக் கொடுத்தான். வண்டி பைபாஸில் ஏறியதும் கண்ணாடியை இறக்கச் சொல்லிக் கையால் காட்டினார். காற்று அடித்து நரை முடி கலைந்தது. மினதி வாரிவிடப் போனாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். வழியில் ஒரு பள்ளிக்கூட மதிலைக் கண்டதும் கையைத் தூக்கினார். அவர் வேலை பார்த்த பள்ளிக்கூடம். நிமாய் வண்டியை நிறுத்தினான். உள்ளே பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு வாய்ப்பாடு முடியும்வரை நின்றுவிட்டுப் போனார்கள்.

மழை முடிந்த கங்கை கரை புரண்டு செம்மண் நிறத்தில் ஓடியது. படித்துறைக்கு மேலேதான் நாற்காலி போகும். அதற்குக் கீழே படிகள். பிபாவதி தண்ணீரைப் பார்த்தார், படிகளைப் பார்த்தார், தன் கால்களைப் பார்த்தார். மினதிக்குப் புரிந்தது. ஆனால் என்ன செய்வது என்று தெரியவில்லை. நிமாய் டிக்கியைத் திறந்து வண்டி கழுவுகிற வாளியை எடுத்தான். நன்றாகத் தேய்த்து அலசினான். பிறகு படியிறங்கிப் போய் ஆற்று நீரை முகந்து கொண்டுவந்து நாற்காலியின் முன்னால் வைத்தான். மினதி செருப்பைக் கழற்றி இரண்டு பாதத்தையும் அதற்குள் வைத்தாள். உணர்ச்சியுள்ள இடது கால் விரல்கள் தண்ணீருக்குள் மெதுவாக அசைந்தன. பிபாவதி கண்ணை மூடிக்கொண்டார்.

அவர் அப்படி இருக்கும்போது இருவரும் சற்றுத் தள்ளிப் படியில் உட்கார்ந்து மண் குவளையில் டீ குடித்தார்கள்.

“ஒண்ணு கேக்கறேன்” என்றாள் மினதி. “உங்களப் பாத்தா கெட்ட மனுஷனாத் தெரியல. ஏன் அப்படி வாங்கினீங்க?”

நிமாய் குவளையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். “வண்டி என்னுது இல்ல. ஸ்ட்ரைக்குன்னதும் ஓனர் தினவாடகைய ரெண்டு மடங்காக்கிட்டான். அதுல பாதி போச்சு. மீதி…” கொஞ்சம் நிறுத்தினான். “மீதிக்குக் காரணம் ஒண்ணும் இல்ல. எல்லாரும் கேட்டாங்க, நானும் கேட்டேன். கேக்கலேன்னா ஏமாளிம்பாங்க. ரெண்டு தங்கச்சியக் கட்டிக் குடுத்துட்டு நிமிந்து பாத்தா எனக்குத் தல நரைச்சுப்போச்சு. அப்பவே நெறையப் பேரு ஏமாளின்னுட்டாங்க. இன்னொரு தரம் கேக்கப் பிடிக்கல.”

மினதி தன் முந்தானையில் முடிந்து வைத்திருந்த பொரியை அவிழ்த்து இருவருக்கும் நடுவில் வைத்தாள்.

ஸ்ட்ரைக் முடிந்தது. கட்டணத்தில் ஒரு ரூபாயோ என்னவோ ஏற்றினார்கள். காலையில் சௌராஸ்தாவில் பஸ்கள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நின்றன. கண்டக்டர்கள் பக்கவாட்டுத் தகரத்தைத் தட்டி ஆள் கூப்பிட்டார்கள். மினதி ஏறினாள். ஜன்னல் சீட்டுக் கிடைத்தது. பஸ் கிளம்பும்போது எதிர்ப்பக்கம் பார்த்தாள். நிமாய் வண்டியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். கையைத் தூக்கலாமா வேண்டாமா என்று பாதி தூக்கி நிறுத்தினான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஏன் திருப்பிக்கொண்டோம் என்று பார்க் சர்க்கஸ் வரைக்கும் யோசித்தாள்.

அடுத்த வாரம் பஸ்ஸில் கண்டக்டர் யாரையோ பிடித்துக் கத்திக்கொண்டிருந்தான். “ஏன்யா, கல்கத்தாக்காரன் மாதிரி இருக்க, பஸ் டிக்கெட் எவ்வளவுன்னு தெரியாதா? நூறு ரூபா நோட்ட நீட்டுற! சில்லற எடு!”

மினதி எட்டிப் பார்த்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, கசங்காத வெள்ளைச் சட்டையில், நிமாய் நின்றிருந்தான். பஸ் பிரேக் போடும்போதெல்லாம் முன்னால் போய்ப் பக்கத்து ஆள் மேல் விழுந்தான். ஓட்டிப் பழக்கமே தவிர, நின்றுகொண்டு வந்து பழக்கமில்லை.

“அவருக்கும் சேத்து இந்தா” என்று மினதி சில்லறையை நீட்டினாள்.

அவன் ஆட்களைத் தள்ளிக்கொண்டு அவள் பக்கத்தில் வந்தான். “இன்னிக்கு வண்டி எடுக்கல. லீவு.”

“லீவுல பஸ்ல எங்க ஊர்வலம்?”

“மாஷிமா எப்படி இருக்காங்கன்னு பாத்துட்டு வரலாம்னு.”

“டாக்சில வந்திருக்கலாமே.”

“டாக்சில வந்தா நீங்க ஏற மாட்டீங்களே” என்றான் நிமாய்.

பக்கத்து சீட்டுக் கிழவர் காதைத் தீட்டிக்கொண்டார். மினதி கொஞ்சம் ஒதுங்கி இடம் விட்டாள். மூன்று பேர் சீட்டில் நாலாவதாக அவன் பாதி உட்கார்ந்தான்.

அதிலிருந்து வாராவாரம் வந்தான். பிபாவதிக்கு வார்த்தைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. ‘தண்ணி’, ‘போதும்’, ‘ஜன்னல்’. ஞாயிற்றுக்கிழமை போனில் மகன் பெயரைச் சொன்னார். அந்தப் பக்கம் அழுகிற சத்தம் கேட்டது. மழை போய்க் குளிர் வந்த பிறகு ஒரு நாள், நிமாய் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பாமல் நின்றான். மினதியைப் பார்த்துச் சொல்லத் தைரியம் வராமல் பிபாவதியிடம் சொன்னான். “மாஷிமா, எனக்கு இருக்கறது ஒரு ரூமு, ஒரு ஸ்டவ்வு. வேற ஒண்ணும் இல்ல. இவங்களக் கேட்டுச் சொல்லுங்க.”

பிபாவதி மினதியைப் பார்த்தார். மினதி தலையணை உறையைத் திருப்பித் திருப்பி மாட்டிக்கொண்டிருந்தாள்.

“கேளு… அவகிட்டயே” என்றார் பிபாவதி.

அவன் கேட்டான். மினதி உறையை மாட்டி முடித்துவிட்டு, “ரூம்ல ஜன்னல் இருக்கா?” என்று கேட்டாள். இருக்கிறது என்றான். “சரி” என்றாள்.

பதிவு ஆபீஸில் கல்யாணம். பிபாவதி நாற்காலியில் வந்து இடது கையால் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்துக்கு வெகுநேரம் ஆயிற்று. பதிவாளர் கடிகாரத்தைப் பார்த்தபோது நிமாய் அவரை முறைத்தான். ரேபா ஒரு எவர்சில்வர் குடம் வாங்கி வந்தாள். பரிதோஷ் பாபு மனைவியோடு வந்து, எல்லோருடைய பங்கு இனிப்பையும் தானே சாப்பிட்டார்.

அதற்குப் பிறகும் இரண்டு வருஷத்துக்கு மேல் மினதி சால்ட் லேக் போய்வந்தாள். ஒரு மாசி மாதக் காலையில், தலை வாரிவிட்டுக்கொண்டிருக்கும்போதே பிபாவதி போய்விட்டார். சீப்பு முடியிலேயே நின்றது. மகன் வந்து சேரும்வரை எல்லாவற்றையும் மினதிதான் செய்தாள். கண் கலங்கவில்லை. வீட்டுக்கு வந்தாள், படுத்தாள், எழுந்திருக்கவில்லை. சென்டரிலிருந்து வேறு வேலைக்குக் கூப்பிட்டார்கள். போகவில்லை. பேச்சும் குறைந்துவிட்டது. வீட்டில் பேச்சுச் சத்தம் இல்லாமல் நிமாய் தவித்துப் போனான்.

ஒரு நாள் மதியம் அவன் வண்டியை ஸ்டாண்டில் விட்டுவிட்டு வந்து, ஸ்டவ்வைப் பற்ற வைத்து, அரிசியும் பருப்பும் உருளைக்கிழங்கும் போட்டுக் கிச்சடி வைத்தான். வாழ்க்கையில் முதல் தடவை. அடி பிடித்தது. தட்டில் போட்டு அவள் முன்னால் வைத்துவிட்டு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அவள் ஒரு வாய் எடுத்தாள். இன்னொரு வாய் எடுத்தாள். மூன்றாவது வாயில் தோள் குலுங்க அழ ஆரம்பித்தாள். அவன் கிட்டே வந்து உட்கார்ந்தான். கையை அவள் முதுகில் வைத்துக்கொண்டான். அழுகை ஓய வெகுநேரம் ஆயிற்று. கிச்சடி ஆறிப்போயிருந்தது.

“நல்லா இல்லியா?” என்று கேட்டான்.

“உப்பே போடல” என்றாள் மினதி. எழுந்துபோய் உப்பு எடுத்து வந்து, தட்டு முழுவதையும் சாப்பிட்டு முடித்தாள்.

மறுவாரம் சென்டருக்குப் போய் வேலைக்குப் பெயர் கொடுத்தாள்.